வானேறும் மின்கலம்

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு டார்ச்சு விளக்கு இருந்தது. அடிக்கடி மின்சாரம் நின்றுபோகும் ஊர் அது. ஆதலின் அவ்விளக்கின்மேல் என் பாட்டிக்குத் தனிப் பரிவு உண்டு. அதன் ஒளி மங்கிச் சிவக்கத் தொடங்கினால், உள்ளிருக்கும் கட்டைகள் இரண்டையும் வெளியே எடுத்து, முற்றத்தில் வடகம் காயும் பாயின் ஓரத்தில் வைத்துவிடுவார். மாலையில் அவற்றைத் திரும்ப இட்டால் விளக்கு மேலும் இரண்டோர் இரவு எரியும். “வெயில் குடித்து வந்திருக்கிறது” என்பார் பாட்டி. கட்டை வெயிலைக் குடிப்பதில்லை. வெம்மை ஏறினால் மின்கலத்தினுள் நிகழும் வேதிவினை விரைவு பெறும். எஞ்சியிருந்த சிறிதளவு ஆற்றலும் வெளியே வரும். பாட்டி கையாண்ட உண்மை இதுவே.

அவ்வுண்மையின் மறுபுறம் ஒன்று உண்டு. வெம்மை மின்கலத்தை எழுப்புமாயின், குளிர் அதனைத் துயிலச் செய்யுமன்றோ? அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நமக்கு இவ்வினா தேவையற்றது போலத் தோன்றும். சித்திரை வெயிலில் ஏரிக்கரை வெடிக்கும் ஊர்களில் குளிரைப் பற்றி யார் கவலைப்படுவர்? ஆயினும், நம் தலைக்கு நேர்மேலே, அம்பத்தூரிலிருந்து அரக்கோணம் செல்லும் தொலைவிற்கும் மிகக் குறைந்த தொலைவில், கடுங்குளிர் நிலவுகின்றது. அங்கே பலூன் வழியாகக் கருவிகளை அனுப்புவோர்க்கு, எந்த மின்கலத்தைத் தெரிந்தெடுப்பது என்பது பெரியதொரு வினா. அதனையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே மீனம்பாக்கத்தில் இந்திய வானிலைத் துறையின் நிலையம் ஒன்று உள்ளது. அங்கிருந்து நாள்தோறும் காலையும் மாலையும் ஒரு பெரிய ரப்பர் பலூன் வானிற் பறக்க விடப்படும். உலகெங்கும் இத்தகைய நிலையங்கள் பல உள்ளன. யாவும் ஒரே வேளைக்குரிய வானத்தை அளக்கின்றன. அவ்வேளை நம் கடிகாரத்தில் காலை ஐந்தரை மணியும் மாலை ஐந்தரை மணியும் ஆகும். பலூனின் கீழே நூலிற் கட்டிய சிறு பெட்டி ஒன்று தொங்கும். அது செல்லும் வழியெல்லாம் காற்றின் வெப்பம், ஈரம் ஆகியவற்றை அளந்து, வானொலி அலைகளால் தரைக்கு அறிவிக்கும். மழை வருமா, புயல் திரும்புமா என்று நாம் கேட்கும் செய்திகளுக்கு இப்பெட்டியின் அளவுகளும் ஓர் அடிப்படை. இதனை ரேடியோசோண்டு என்பர்.

பலூன் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஏறும். நிமிடத்திற்கு 300 மீட்டர் எனக் கொள்ளலாம். ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதிற் பாதியாகின்றது. முப்பது கிலோமீட்டரில் அது நூற்றில் ஒரு பங்கே. புற அழுத்தம் குறையக் குறையப் பலூன் பருத்துக்கொண்டே சென்று, இறுதியில் வெடிக்கும். பெட்டி சிறு குடையொன்றைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கும்.

வெப்பம் எங்ஙனம் மாறுகின்றது என்பதே நமக்கு வேண்டியது. மேலே செல்லச் செல்லக் குளிரும் என்பதனை உதகை சென்றவர் அறிவர். அக்குளிர் எதுவரை மிகும்? உலகம் முழுமைக்கும் சராசரியாக வகுத்த அட்டவணையில், 11 கிலோமீட்டர் உயரத்தில் சுழிக்குக் கீழ் 56.5 பாகை என்று கண்டிருக்கும். அதற்குமேல் குளிர் மிகுவதில்லை. மேலை நாட்டு நூல்கள் பலவற்றில் காணும் கணக்கு இது. நம் சென்னை வானத்திற்கு அக்கணக்குப் பொருந்தாது. இங்கே குளிர்ச்சி 11 கிலோமீட்டரில் நிற்பதில்லை. 16, 17 கிலோமீட்டர் வரை தொடர்ந்து சென்று, சுழிக்குக் கீழ் 80 பாகையை நெருங்குகின்றது. அதன்பின்னரே மெல்ல வெம்மை ஏறத் தொடங்கும்.

வெப்ப நாட்டு வானம் குளிர்நாட்டு வானத்தினும் குளிர்ந்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். காரணம் எளியது. நம் நாட்டுக் கதிரவனால் சூடேறிய ஈரக்காற்று மிக உயரம்வரை எழுகின்றது. எழும் காற்று விரிகின்றது. விரியும் காற்று குளிர்கின்றது. எவ்வளவு உயரம் எழுமோ அவ்வளவு குளிரும். ஆகவே, தரையின் வெம்மையே மேல்வானின் குளிருக்குக் காரணமாகின்றது. மேலை நாட்டு அறிவுரையை அப்படியே ஏற்று, “56 பாகைக் குளிரைத் தாங்கினாற் போதும்” என்று கருதுவோர் இங்கே ஏமாறுவர். அங்ஙனம் ஏமாந்த இளைஞர் சிலரை யான் அறிவேன். அவர்தம் செய்தியைப் பின்னர்க் கூறுகின்றேன்.

முதலில் மின்கலத்தைச் சற்று அறிவோம். ‘கலம்’ என்னும் சொல்லுக்குப் பாண்டம் என்றும் மரக்கலம் என்றும் பொருள் உண்டு. மின்கலம் என்றவிடத்துப் பாண்டம் என்ற பொருளே கொள்ளப்படும். எனினும், காற்றுவெளியில் தனித்துச் செல்லும் பெட்டிக்குள் இருப்பதனை மரக்கலத்தோடு ஒப்பிட்டாலும் குற்றமில்லை என்பது என் கருத்து.

மின்கலத்தினுள் இருவேறு பொருள்கள் உள்ளன. அவற்றிடையே ஒரு கரைசல் உண்டு. அக்கரைசலினூடே மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்திச் செல்வதால் மின்னோட்டம் நிகழ்கின்றது. கடைகளில் கிடைக்கும் கார மின்கலத்தின் கரைசல் நீரால் ஆயது. குளிர் மிகுமிடத்து அக்கரைசல் தடிப்பேறும். துகள்கள் நீந்தத் தடுமாறும். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் குறையவில்லை, புட்டி நிறைய இருக்கின்றது, ஒரு துளியும் விழவில்லை. குளிர்ந்த மின்கலத்தின் நிலையும் இதுவே. அதனுள் ஆற்றல் உண்டு. அகத்தடை மிகுந்துவிட்டமையால் வேண்டிய விரைவில் வெளிவருவதில்லை. மின்னோட்டம் சிறிதாயின் ஒருவாறு தாங்கும். வானொலிப் பொறி செய்தியனுப்பத் தொடங்கி மிகுதியாக இழுத்தவுடன் மின்னழுத்தம் சரிந்து, பொறி நின்றுவிடும்.

இஃது அறிந்தபின் மின்கலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நாம் வேறு கண்ணோடு நோக்குவோம். அவ்வெண் நம் கூடத்து வெப்பத்தில் அளந்தது. வானத்திற்கு அனுப்புவோன் அறிய வேண்டுவது, அக்குளிரில் அது எவ்வளவு தரும் என்பதேயாகும்.

வானத்தை அளக்கப் புகுந்த தொடக்கக் காலத்தினர்க்கு இக்கவலை இல்லை. பிரெஞ்சு நாட்டு அறிஞர் டெய்சரான்க் டி போர் தம் பலூன்களில் மின்சாரம் வேண்டாத கருவிகளையே அனுப்பினார். கடிகாரப் பொறியாற் சுழலும் உருளையில் முள் ஒன்று கோடு கிழிக்கும். பெட்டி தரையில் விழுந்து, யாரேனும் கண்டெடுத்துத் தந்தாலொழியச் செய்தி இல்லை. அவ்வாறு கிடைத்த பெட்டிகளைக் கொண்டே, ஓர் உயரத்திற்குமேல் குளிர் மிகாமல் நின்றுவிடுகின்றது என்பதனை 1902-ஆம் ஆண்டில் அவர் உலகிற்கு அறிவித்தார். 1929-இல் அந்நாட்டவரே ஆன இராபர்ட்டு பூரோ என்பவர் வானொலியைப் பலூனில் ஏற்றினார். அன்றுதொட்டுப் பெட்டி கிடைக்காவிடினும் செய்தி கிடைத்தது. அன்றுதொட்டே மின்கலத்தின் எடை என்னும் தொல்லையும் பிறந்தது.

அக்காலத்து வானொலி வால்வுகளால் இயங்கியது. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு மின்கலம். உயர் அழுத்தம் தர மற்றொரு மின்கல அடுக்கு. சிற்றூர்களில் வால்வு ரேடியோ வைத்திருந்தோர் அதனோடு ஒரு பெரிய பாட்டரிப் பெட்டியையும் வாங்கி வைத்திருந்தமை என் இளமை நினைவுகளுள் ஒன்று. அத்தகைய சுமையை மிகச் சிறிதாக்கி வானில் ஏற்றுதல் எளிய செயலன்று. 1939, 1940-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அறிஞர்களாகிய மில்லிகனும் நெகரும் பிக்கரிங்கும் நம் நாட்டிற்கு வந்து, ஆக்ராவிலும் பெஷாவரிலும் பெங்களூரிலும் பலூன்களை அனுப்பி அண்டக்கதிர்களை அளந்தனர். காந்த நடுக்கோட்டிற்கு அணித்தாகத் தென்னாடு இருத்தலால் அவர்கள் இங்கு வந்தனர். அவருள் பிக்கரிங் என்பவர், அமெரிக்காவின் முதற் செயற்கைக் கோளாகிய எக்ஸ்புளோரர் 1958-இல் செலுத்தப்பட்டபோது, அதனைச் செய்தமைத்த ஆய்வுக்கூடத்தின் தலைவராக விளங்கினார்.

நம்மவரும் வாளாவிருந்தாரல்லர். 1940-களில் இந்திய வானிலைத் துறையினர் புனேயில் உருவாக்கிய ரேடியோசோண்டில் ஒரு சிறு காற்றாடி இருந்தது. வெப்பமானி, ஈரமானி முதலியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வானொலியோடு இணைக்க ஒரு சுழற்பொறி வேண்டும். அதற்கு மின்சாரம் செலவிட அவர்கள் விரும்பவில்லை. பலூன் மேலேறும்போது எதிர்ப்படும் காற்றே அக்காற்றாடியைச் சுழற்றியது, வேலை முடிந்தது. மின்கலத்தைத் தெரிந்தெடுக்குமுன், மின்சாரம் இன்றியே எவ்வெவற்றை முடிக்கலாம் என்று எண்ணிய அவ்வறிவைப் பாராட்டாமல் இருக்க இயலவில்லை.

பின்னர்ப் பல்லாண்டுகள் ரேடியோசோண்டுகளில் வழங்கிய மின்கலம் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. மக்னீசியத் தகடும் செப்புக் குளோரைடும் கொண்டு, இடையே நீரை உறிஞ்சும் தாள் வைத்து அதனை அமைப்பர். உலர்ந்திருக்கும்வரை அதில் மின்சாரம் இல்லை. ஆகவே, உறைக்குள் நெடுங்காலம் கெடாமல் இருக்கும். பலூனை விடுவதற்குச் சில நிமிடங்களின் முன், அதனை நீரில் நனைத்து எடுப்பர். உடனே மின்சாரம் பிறக்கும். இதன் சிறப்பு யாதெனின், வேதிவினையால் அது தானே வெம்மை அடைகின்றது. புறத்தே கடுங்குளிர் வருத்தினும் தன் உடற்சூட்டால் தன்னைக் காத்துக்கொள்ளும். விலையும் குறைவு, எடையும் குறைவு. ஆனால், இரண்டு மூன்று மணி நேரமே உழைக்கும். மேலேறித் திரும்பும் பயணத்திற்கு அவ்வளவே போதுமாதலின் யாரும் வருந்தவில்லை. இன்றைய ரேடியோசோண்டுகளுள் பல, விரலளவான இலித்திய மின்கலங்கள் இரண்டைக்கொண்டே இயங்குகின்றன.

இனி, நான் முன்னர்க் குறித்த இளைஞர்களிடம் வருவோம். ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பயிலும் மாணவர் நால்வர். அவருள் ஒருவன் என் பேரன். புகைப்படக் கருவியும், தானிருக்கும் இடத்தை அறிவிக்கும் வானொலியும் கொண்ட பெட்டி ஒன்றைப் பலூனில் அனுப்ப அவர்கள் முனைந்தனர். சென்னை வானூர்தி நிலையம் அணித்தாக உள்ளமையின் நம் பகுதியில் நினைத்தவுடன் பலூன் விடுதல் கூடாது. விமானப் போக்குவரத்தைக் காப்போரின் இசைவு வேண்டும். உரியவாறு இசைவு பெற்று, நகருக்குத் தொலைவில் உள்ளதொரு வெளியிலிருந்து அதனை விட்டனர். ஐம்பது நிமிடம்வரை செய்தி ஒழுங்காக வந்தது. பின்னர் ஒருமுறை விட்டு வந்தது, பின்னர் நின்றது. பெட்டி எங்கே வீழ்ந்தது என்பது இன்றுவரை தெரியவில்லை. மூன்று திங்கள் உழைப்பும், நால்வரும் சேர்த்த பணமும் அதனுடன் போயின. என் பேரன் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

“என்ன கட்டை வைத்தீர்கள்?” என்று கேட்டேன்.

“புதிய கட்டைகள் நான்கு, தாத்தா. கடையில் கிடைப்பவற்றுள் விலையுயர்ந்தவை. இருபது மணி நேரம் வருமென்று கணக்கிட்டிருந்தோம்” என்றான்.

நிமிடத்திற்கு 300 மீட்டர் வீதம் ஐம்பது நிமிடத்தில் பலூன் எவ்வளவு உயரம் ஏறியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 15 கிலோமீட்டர். நம் வானின் மிகு குளிர் தொடங்குமிடம் அதுவே. அவர்கள் வைத்தவை கார மின்கலங்கள். சுழிக்குக் கீழ் 20 பாகைவரை ஒருவாறு இயங்கும் என்று செய்வோரே எல்லை குறிப்பவை. பெட்டியோ வெறும் அட்டையால் ஆயது. உள்ளே ஆற்றல் இருந்தது, தேங்காயெண்ணெய் உறைந்துபோயிற்று.

மறுமுறை அவர்கள் கணக்கைப் புதிதாகத் தொடங்கினர். தமிழாசிரியனாகிய எனக்கும் விளங்கும்படி அதனைச் சொன்னார்கள். வானொலி, இடங்காட்டி, பதிவுக்கருவி ஆகிய மூன்றும் சேர்ந்து அரை வாட் மின்திறன் கொள்ளும். புகைப்படக் கருவிக்குத் தனி மின்கலம். அது நின்றாலும் மற்றவை நிற்கலாகாது. எத்தனை மணி நேரம்? ஏறுதற்கு நூறு நிமிடம்; இறங்குதற்கு நாற்பது நிமிடம். “மூன்று மணி போதுமே” என்றேன். “போதாது, ஐயா” என்றான் அவருள் ஒரு மாணவன். பலூனை நிரப்பிக் கட்டும்வரை பெட்டி தரையில் விழித்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மணி. பெட்டி வீழ்ந்த இடத்தை நாங்கள் அடையும்வரை அது கூவிக்கொண்டேயிருக்க வேண்டும். மாலை இருட்டிவிட்டால் மறுநாட் காலைவரை ஆகும். அதற்குப் பன்னிரண்டு மணி. ஆகப் பதினாறு மணி நேரம். பதினாறை அரையாற் பெருக்க எட்டு வாட் மணி.

பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணுவோர் பலர். பெட்டி முள்வேலிக்குள்ளோ கரும்புக் கொல்லையிலோ கிடக்கும் நேரமே பயணத்தில் நீண்ட பகுதி என்பதனை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

நம் பகுதிக்கு இது மேலும் பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில், கீழ்வானில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே செல்லும். ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு மேலே திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும். 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் அக்கீழ்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டரையும் கடந்து விரைவதுண்டு. இம்மேல்வான் ஓட்டத்தைக் கண்டு 1950-களில் உலகிற்கு உணர்த்தியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் ஆவார். ஆகவே, ஆடியில் பூந்தமல்லியை ஒட்டி ஒரு பலூன் எழுந்தால், முதலில் கடலை நோக்கிச் சென்று காண்போரை அச்சுறுத்தும். பின்னர்த் திரும்பி, விட்டவர் தலைக்கு மேலேயே கடந்து, திருவள்ளூர், அரக்கோணம் என மேற்கே போய்விடும். காற்று மாறிய காலத்திலோ வங்கக் கடலிலேயே வீழ்தலும் கூடும். எந்த வயலில் இறங்கும் என்பதனை மின்கலம் ஒன்றே நமக்குக் கூற வல்லது.

எட்டு வாட் மணி என்பது முடிவாயிற்று. எதனால் அதனைப் பெறுவது? கார் வண்டிகளில் உள்ள ஈய மின்கலத்தைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டா. எடையால் அது தள்ளுண்டது. பலூனை நிரப்பும் வாயு ஒரு லிட்டர், ஏறத்தாழ ஒரு கிராமைத் தூக்கும். நூறு கிராம் எடை கூடினால் மேலும் நூறு லிட்டர் வாயு வேண்டும். பலூன் தொடக்கத்திலேயே பருத்திருக்குமாதலின் விரைவில் வெடிக்கும்.

கைபேசிகளில் உள்ள மறுமின்னேற்ற இலித்திய மின்கலம் இலேசானது; ஆற்றலும் மிக்கது. ஆயினும் மென்பை வடிவில் அமைந்தவை, புற அழுத்தம் குறைந்தவிடத்து உப்புதல் உண்டு. சுழிக்குக் கீழே அவற்றிற்கு மின்னேற்றுதல் தீங்கு பயக்கும். குளிரில் அவையும் தளரும். நன்றாகப் போர்த்தி வைத்தால் பயன்படுத்தலாம், பலர் பயன்படுத்துகின்றனர்.

இறுதியாக அவர்கள் தெரிந்தது, இலித்தியமும் இரும்பு டைசல்பைடும் கொண்ட விரலளவு மின்கலம். வடிவத்தில் அது நம் சுவர்க் கடிகாரக் கட்டையே. மின்னழுத்தமும் அதே ஒன்றரை வோல்ட். ஆனால் அதன் கரைசலில் நீர் இல்லை. ஆதலின் சுழிக்குக் கீழ் 40 பாகை வரையிலும் உழைக்கும். கார மின்கலம் ஒன்று 23 கிராம். இது 15 கிராமே. நான்கு கட்டைகளில் 32 கிராம் மிச்சம். ஏறத்தாழ 32 லிட்டர் வாயு மிச்சம். நான்கும் சேர்ந்து 17 வாட் மணியளவு தரும், வேண்டியதற்கு இருமடங்கு. மறுமுறை மின்னேற்ற இயலாது, விலையும் பன்மடங்கு. விலையைக் கேட்டபோது என் பேரன் என் முகத்தைப் பார்த்தான். யானும் புரிந்துகொண்டேன்.

“நாற்பது பாகை தாங்குமென்றால், எண்பது பாகைக்கு என் செய்வீர்கள்?” என்று வினவினேன். அதற்குத்தான் பெட்டி என்றனர். அட்டைக்கு மாறாகத் தெர்மோகோல் பெட்டி. கருவிகள் கொள்ளும் அரை வாட் முழுதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. அவ்வெப்பம் வெளியேறாமற் காத்தால் மின்கலங்களும் அதில் குளிர்காயும். உயரம் செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைதலால், வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் ஆற்றலும் அதற்குக் குறைந்துவிடும். பகலாயின் கதிரவன் வேறு துணை.

இம்முறை அவர்கள் வானத்தை நம்பிச் செல்லவில்லை. முதலில் எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேலறையில் இருவகைக் கட்டைகளையும் இட்டுச் சோதித்தனர். அங்கே சுழிக்குக் கீழ் 18 பாகை. அந்நாட்களில் எங்கள் வீட்டில் மாவு அரைத்து வைக்க இடமின்றிப் போயிற்று. கார மின்கலம் அக்குளிரிலேயே களைத்துவிட்டது. பின்னர் உலர்பனிக்கட்டி வாங்கி வந்தனர். கரிவாயுவை உறையச் செய்து ஆக்கும் அப்பொருளின் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 78.5 பாகை. நம் தலைக்கு மேலே 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள குளிரும் ஏறத்தாழ அதுவேயன்றோ! அவ்வானத்தை விலைக்கு வாங்கி வந்தது போலத் தோன்றியது எனக்கு. சன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, கையுறையிட்டு, பெட்டியைச் சூழ அதனை அடுக்கி மூன்று மணி நேரம் வைத்திருந்தனர். உள்ளிருந்த வானொலி விடாமற் கூவிக்கொண்டிருந்தது.

கதிரவன் துணை என்றேன். கதிரொளியையே மின்சாரமாக்கினால் மின்கலம் வேண்டாவன்றோ என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. 1957-இல் உருசியர் செலுத்திய முதற் செயற்கைக் கோளாகிய ஸ்புட்னிக்கின் எடை 83.6 கிலோகிராம், அதில் 51 கிலோகிராம், வெள்ளி துத்தநாக மின்கலங்களைக் கொண்ட மின்சார அமைப்பிற்கே சென்றது. அது மூன்று வாரம் பேசி ஓய்ந்தது. மறு ஆண்டில் அமெரிக்கர் செலுத்திய வான்கார்டு, ஒன்றரைக் கிலோகிராமளவே எடை உடையது. அதன் மின்கலம் மூன்று திங்களில் தீர்ந்தது; கதிரொளியால் இயங்கிய மற்றொரு வானொலியோ 1964 வரை பேசியது. பலூன்களிலும் இதே வேறுபாடு உண்டு. இணையத் தொடர்பை வானிலிருந்து வழங்க முயன்ற லூன் என்னும் நிறுவனத்தின் பலூன் ஒன்று, 20 கிலோமீட்டர் அளவு உயரத்தில் 312 நாள் மிதந்து, 2020-இல் இறங்கியது. பகலில் கதிரொளித் தகடுகள் மின்சாரம் தந்தன. இரவிற்கு மின்கலங்களை அவையே நிரப்பின. அந்நிறுவனம் 2021-இல் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அது வாணிகச் செய்தி. மூன்று மணி பறந்து வயலில் விழும் பெட்டிக்குக் கதிரொளித் தகடு பயன் தராது. தலைகீழாக விழுந்தாலோ மர நிழலில் கிடந்தாலோ அது வாய் திறவாது. இரவைக் கேட்கவே வேண்டா.

பெரிய ஆய்வுகளில் மின்சாரம் தவறினால் வரும் இழப்பும் பெரிது. ஐதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் 1969-இல் அமைந்தது. 2005 ஏப்ரல் 20-ஆம் நாள் அங்கிருந்து எழுந்த பலூன், 459 கிலோகிராம் எடையுள்ள கருவியைச் சுமந்து சென்றது. திரவ நியானால் குளிர்வித்த எஃகுக் குழாய்களில், 20 முதல் 41 கிலோமீட்டர் வரையுள்ள காற்றை வெவ்வேறு உயரங்களில் பிடித்து வருதல் அதன் பணி. உரிய உயரத்தில் குழாயின் வாய் திறக்க வேண்டும். உடனே மூடவும் வேண்டும். ஒரு கணம் மின்சாரம் தடுமாறின், பிடித்த காற்று எவ்வுயரத்தது என்றே சொல்ல இயலாது. அக்காற்றிலிருந்து புதிய நுண்ணுயிர் வகைகள் மூன்று கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்றற்கு ஆரியபட்டரின் பெயரைச் சூட்டினர். நம் தமிழ்நாட்டில், 2021 பிப்ரவரி 7-ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து மாணவர்கள் செய்த சிறு கோள்கள் நூற்றைப் பலூன் வழியாக அனுப்பினர். உள்ளங்கையில் அடங்கும் அப்பெட்டிகளிலும் ஒவ்வொரு கிராமும் எண்ணி வைத்ததே.

ஆவடி மாணவர்களின் இரண்டாம் பெட்டி அடுத்த மாசித் திங்களில் எழுந்தது. நானும் உடன் சென்றிருந்தேன். ஐம்பதாம் நிமிடத்தில் ஒருவரும் பேசவில்லை. என் பேரன் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, கணிப்பொறியையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுபதாம் நிமிடத்தில் ஒருவன் மெல்ல, “இன்னும் வருகிறது” என்றான். மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்திருந்தது. பெட்டியின் உள்ளே நீர் உறையும் நிலைக்குச் சிறிதே கீழ். நூறு நிமிடமாகுமுன் பலூன் வெடித்தது. மாலை மங்கும் வேளையில் பெட்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கியிருப்பதாகக் குறி காட்டியது. வழி தவறி, வாய்க்கால் சுற்றி, நாங்கள் அங்கே சென்று சேர்ந்தபோது இரவு மணி ஒன்பது. கொல்லைக்கு உரிய பெரியவர் அரிக்கேன் விளக்கோடு வரப்பில் நின்றிருந்தார். “இது ஏதோ முனகிக்கொண்டே கிடக்கிறதே, தம்பி, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் காவலிருக்கிறேன்” என்றார்.

மாணவர்கள் அவருக்குப் பெட்டியைத் திறந்து காட்டினர். கட்டைகளை ஒருவன் கழற்றி அளந்து பார்த்தான். பாதிக்கு மேல் எஞ்சியிருந்தது. அவற்றுள் இரண்டை எனக்குத் தந்தனர். என் மேசைக் கடிகாரத்தில் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.